தேறுதல்

(கொண்டப்பநாயக்கன்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியையின் நினைவாக, அவர் பெற்ற மக்கள் வைத்த அறக்கட்டளை இது. இந்த மேடையில் குறளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், கம்பனைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். இந்த ஆண்டு காதல் நாவல்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் தொலைபேசியின் அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆசிரியையின் மகள் சொன்னார்: "பேசுங்க மேடம். அம்மா தலையணைக்கு அடியில அதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோன்னு பழுப்புத்தாள்ல அட்டை போட்டு வெச்சிருப்பாங்க." அந்தப் பழுப்புத்தாள் அட்டையை இன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் பிரித்து வைப்பதுதான் என் வேலை.

எல்லாக் காதல் நாவல்களையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நம் காலத்தில், நம் தெருவில் நடப்பதுபோல எழுதப்பட்ட ஒரு வகை உண்டு. கதை தொடங்கும்போதே நாயகிக்கு அடிபட்டிருக்கும். நிச்சயித்த கல்யாணம் நின்றிருக்கும், அல்லது நடந்த கல்யாணம் முறிந்திருக்கும், அல்லது பெற்ற தகப்பனே கைவிட்டிருப்பான். இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். அந்தக் கதவுக்கு வெளியே ஒருவன் வந்து நிற்பான். அவள் எப்படித் தேறுகிறாள், அவனை எப்படி நம்பத் தொடங்குகிறாள் என்பதுதான் முழுக் கதையும். குடும்ப நாவல், மாத நாவல் என்ற பெயர்களில் தமிழ்ப் பெண்கள் மூன்று தலைமுறையாகப் படித்து வந்தவற்றில் இந்த வகைக்குத் தனி இடம் உண்டு.

இப்போது 'தேறுகிறாள்' என்று சொன்னேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் 'தேறிட்டான்' என்கிறோம். துக்கத்தில் இருப்பவரிடம் போய்த் தேறுதல் சொல்லிவிட்டு வருகிறோம். பரீட்சையிலும் தேறுகிறோம். பழந்தமிழில் இதே சொல்லுக்கு நம்புதல் என்றும் பொருள். திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அரசன் யாரை, எப்படி ஆராய்ந்து நம்ப வேண்டும் என்பது அதன் பொருள். அந்த அதிகாரத்தில் தேறுதல் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கெல்லாம் அதற்கு நம்புதல் என்றே பொருள். நோயிலிருந்து மீள்வதற்கும் ஒருவரை நம்புவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இவ்வகை நாவல்களின் கதைச் சுருக்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது என்பது நாற்பது ஆண்டு வகுப்பறைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இது பழைய கதை என்பதற்கும் சான்று உண்டு. கலித்தொகையில், நெய்தற்கலியில், பிரிந்துபோனவனை நினைத்து ஊரறியச் சிரித்தும் அழுதும் பிதற்றும் ஒரு பெண் வருகிறாள். ஊரார் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் அவன் திரும்பி வருகிறான். அவள் எப்படித் தெளிந்தாள் என்று சொல்லப் புலவர் ஓர் உவமை எடுக்கிறார்: தேற்றாங்கொட்டையைத் தேய்த்ததும் தெளியும் கலங்கல் நீர். கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், குடத்தின் உட்பக்கம் அந்தக் கொட்டையை நன்றாக உரசிவிட்டு ஆற்றுநீரை ஊற்றி வைப்பார்கள். ஊற்றிய உடனே ஒன்றும் நடக்காது. சேறு மெல்லக் கீழே இறங்கி, காலையில் பார்த்தால் அடி தெரியும். அந்தக் கொட்டையின் பெயரிலேயே தேற்றம் இருக்கிறது. நெய்தற்கலிப் பெண் ஒரு பாட்டுக்குள் தெளிந்துவிடுகிறாள். நாவல் வந்த பிறகுதான், சேறு இறங்கும் அந்த ஓர் இரவு முழுவதையும் கூடவே உட்கார்ந்து பார்க்கும் வசதி நமக்குக் கிடைத்தது.

எனக்கு அப்படி உட்கார்ந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என் சித்தி. அம்மாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவர். அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது, அதை முந்தானையால் மறைத்துக்கொள்வார். சேலத்துப் பக்கம் பெண்களுக்கு வீட்டிலிருந்தே செய்ய ஒரு வேலை உண்டு, கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறைகள். அங்கிருந்து வெள்ளியை எடைபோட்டு வாங்கி வந்து, கண்ணி கோத்து, மூட்டுக்கு மூட்டுப் பற்ற வைத்து, திரும்ப எடைபோட்டுக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஓர் இடத்தில் சித்தியின் எடையில் கைவைத்துவிட்டார்கள். சேதாரம் என்று சொல்லி இரண்டு மாதக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு சித்தி யாரிடம் வெள்ளி வாங்கினாலும் வழியில் இன்னொரு கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் யாருக்கும் கிடைக்கமாட்டார். திண்ணைத் தூணில் சாய்ந்து புத்தகம் படிப்பார். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. உதடு அசையும், சத்தம் வராது. வெள்ளிப் பொடி படிந்த விரலால் புரட்டிப் புரட்டி அவருடைய புத்தகங்களின் ஓரமெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய மாத நாவல்கள்தான் பெரும்பாலும். ராணி முத்து 1969-இல் அகிலனின் 'பொன்மலர்' நாவலோடு தொடங்கியது. மாதம் ஒரு முழு நாவல், கூலிக்காரப் பெண்ணும் வாங்கக்கூடிய விலையில் என்ற அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என் சித்தியின் கைக்கு நாவல் என்ற ஒன்றே வந்திருக்காது. இலக்கிய வரலாற்று நூல்களில் இந்தச் செய்திக்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். ஒரு முழு அத்தியாயம் பெறும் செய்தி இது.

சித்திக்குப் பிடித்த எழுத்தாளர்களில் முதலில் லட்சுமி. திரிபுரசுந்தரி என்பது இயற்பெயர். 1921-இல் தொட்டியத்துப் பக்கம் பிறந்தவர். நாமக்கல்லிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போனவர்கள் தொட்டியத்தைக் கடந்திருப்பீர்கள். நம் பக்கத்துக் காற்றைச் சுவாசித்தவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். படிப்புக்குப் பணம் தட்டுப்பாடானபோது ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி, அந்தப் பணத்தில் டாக்டரானவர். கதை எழுதி மருத்துவம் படித்த பெண் என்பதே எனக்கு எப்போதும் வியப்பு. பிறகு கணவரோடு தென்னாப்பிரிக்கா போய், இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் திரும்பினார். 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1987-இல் காலமானார்.

அவருடைய 'பெண் மனம்' நாவல்தான் 1963-இல் எல்.வி.பிரசாத் இயக்கத்தில் 'இருவர் உள்ளம்' என்ற படமாக வந்தது. கலைஞர் கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்தார்கள். படம் பார்த்தவர்களுக்குக் கதை நினைவிருக்கும். பெண்கள் விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்த ஒரு பணக்கார வாலிபன், நேர்மையான ஆசிரியை ஒருத்தியை உண்மையாகவே விரும்புகிறான். அவளுக்கோ அவனைக் கண்டாலே கசப்பு. ஆனாலும் அவளையே அவனுக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். இதன் பிறகுதான் கதை. தாலி கட்டியாகிவிட்டது என்ற உரிமையை அவன் எடுத்துக்கொள்வதில்லை. அவள் வெறுப்பைச் சுமந்துகொண்டு ஒதுங்கி நிற்கிறான். பின்னால் அவன் தலையில் ஒரு கொலைப் பழி விழுகிறது. ஊரே அவன் செய்திருப்பான் என்று சொல்லும்போது, அவன் செய்திருக்கமாட்டான் என்று நம்புகிறவள், முன்பு அவனை ஒரு துளியும் நம்பாத அந்தப் பெண்.

இதில் நான் கவனித்துப் படிப்பது கொலைப் பழியை அல்ல. அதற்கு முந்தைய ஒதுங்கி நிற்றலைத்தான். கல்யாணம் ஆகிவிட்டால் மனைவியின் சம்மதம் என்ற ஒன்று தனியாகக் கிடையாது என்று எல்லா வீடுகளிலும் நினைத்த காலம் அது. அந்தக் காலத்தில், சட்டமும் சாத்திரமும் கையில் கொடுத்த உரிமையை ஓர் ஆண் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் காதலின் முதல் அடையாளம் என்று ஒரு கதை சொல்லியது. மேடையேறி முழங்காமல், சமையலறை வழியாக வீட்டுக்குள் வந்து சொல்லியது. படித்துவிட்டு எத்தனை பெண்கள் இரவில் விழித்துக் கிடந்தார்களோ.

சித்தியின் பெட்டியில் பாதிக்கு மேல் இருந்தவை ரமணிசந்திரன். 1938-இல் பிறந்தவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அருணோதயம் வெளியீடாக அவை திரும்பத் திரும்ப அச்சாகின்றன. ஊர்ப்புற நூலகங்களில் போய்ப் பாருங்கள், பைண்டிங் பிரிந்து நூல் தொங்குகிற புத்தகம் எது என்று. 'வளை ஓசை', 'வெண்மையில் எத்தனை நிறங்கள்' போன்றவற்றைப் பத்து முறை படித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர் கதைகளில் வரம்பு மீறிய வருணனை இராது, முடிவு சுபமாகத்தான் இருக்கும். சந்தேகம், தவறான புரிதல், சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, இவற்றைக் கொண்டே இருநூறு பக்கம் நடத்துவார். இதைக் குறையாகச் சொல்கிற விமர்சகர்களைப் படித்திருக்கிறேன். வீட்டுக்குள் வாழ்க்கை உண்மையில் எதனால் முறிகிறது, எதனால் ஒட்டுகிறது என்று பார்த்தால், சொல்லாமல் விட்ட வார்த்தைதான் முதலில் நிற்கிறது. அதை நாவலுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டது எனக்குச் சிறுமையாகப் படவில்லை.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும் என்ற கேள்வியை என் மாணவிகளிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறுகிறவருக்கு ஏற்காடுதான் வரப்போகிறது என்று அடிவாரத்திலேயே தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் ஜன்னலை மூடிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்? முடிவு சுபம் என்று உறுதி இருப்பதால்தான், அடிபட்ட ஒருத்தியால் நாயகியின் பயத்தோடு கூடவே நடந்துபோக முடிகிறது. நிஜத்தில் ஒருவனை நம்பிப் பார்ப்பது ஆபத்து. புத்தகத்தில் நம்பிப் பார்க்கலாம். ஏமாந்தாலும் தழும்பு விழாது.

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர், ஒரு சிற்றூரில் காதல் நாவல் படிக்கும் குடும்பப் பெண்களோடு பழகி, அவர்கள் ஏன் படிக்கிறார்கள் என்று கேட்டு 1984-இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பெண்கள் சொன்னவற்றில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கதையைவிட, புத்தகத்தைக் கையில் எடுக்கும் செயலே தங்களுக்கு முக்கியம் என்றார்கள். நாள் முழுக்க மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறவர்கள், அந்த ஒரு மணி நேரம் தங்களுக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். நாயகியை அடிக்கிற, பலவந்தப்படுத்துகிற நாயகனை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதும் அந்நூலில் பதிவாகியிருக்கிறது. கடல் தாண்டி எங்கோ இருக்கும் அந்தப் பெண்களின் நடுவில் என் சித்தியின் திண்ணைத் தூணை நான் பார்த்தேன்.

இதே ஊற்றிலிருந்து பிறந்து, வேறு திசைக்குப் போன ஒரு பெரிய நாவலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை எழுதினார். மழையில் நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கெடுத்துவிடுகிறான் ஒருவன். வீட்டுக்கு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள் தாய். தமிழ்நாடே அந்தக் கதையைப் பற்றி வாதாடியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அலறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று அவரே எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. நூலாக 1970-இல் வந்தது, 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாயகி கங்கா படிக்கிறாள், உத்தியோகம் பார்க்கிறாள், ஆனால் ஒருவரையும் நம்ப முடிவதில்லை. படிக்க வைத்து ஆதரித்த மாமாவின் கையே அவளைத் தொட நீள்கிறது. கடைசியில் தன்னைக் கெடுத்த பிரபு என்பவனையே தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவனோடு ஏற்படும் விசித்திரமான நட்பில்தான் முதன்முதலாகக் கொஞ்சம் மூச்சு விடுகிறாள். அதுவும் நிலைப்பதில்லை.

நான் அந்த நாவலைக் கல்லூரியில் பாடமாக நடத்தியிருக்கிறேன். அதன் முன்னால் தலை வணங்குகிறேன். சித்தியிடமும் ஒருமுறை கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்காரு கண்ணு. ஆனா அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளே இல்லையே" என்றார். தலையில் தண்ணீர் ஊற்றிய தாயின் சிறுகதையை அவர் படித்ததில்லை. படிக்காமலே அந்தத் தண்ணீரைக் கேட்டார். கங்காவுக்கு நேர்ந்தது உண்மை, அப்படித்தான் பலருக்கு நேர்கிறது. அந்த உண்மைக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருப்பவருக்கு அதன் நகலை இன்னொரு முறை கொடுத்தால் போதுமா? இலக்கியத்திடம் அவர் கேட்டது வேறு ஒன்று. அந்தத் தேவையைத் தாழ்ந்த தேவை என்று சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

'மௌன ராகம்' படத்தையும் இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். 1986-இல் மணிரத்னம் எடுத்தது. காதலனை இழந்த திவ்யா, விருப்பமில்லாமல் கட்டிக்கொண்ட கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் மணமுறிவுக்கு மனுப்போட முடியாது என்பது 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அந்தச் சட்டப் பிரிவு கொடுக்கும் காலத்துக்குள்தான் கதை நிகழ்கிறது. படத்தில் ஒரு கொலுசு வரும். அவன் வாங்கித் தந்தபோது அவளுக்கு வேண்டாததாக இருந்தது. பின்னால் அவளே மனமுவந்து அதை அணிந்துகொள்கிறாள். சேலத்துப் பெண்களுக்கு அந்தக் காட்சி ஒரு படி கூடுதலாகப் புரியும். ஒரு கொலுசுக்குள் எத்தனை மூட்டு, ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு பொறுமை என்று கையறிந்தவர்கள் அவர்கள்.

அந்தப் பற்றவைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பார்த்து வளர்ந்தவள் என்பதால். வெள்ளி 961 பாகை செல்சியஸ் சூட்டில் உருகும். இரண்டு கண்ணியை ஒட்டுவதற்கு வைக்கும் பொடி அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். இந்த இரண்டு சூட்டுக்கும் நடுவில் இருக்கும் சிறிய இடைவெளியில்தான் முழு வேலையும். மூட்டில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பொடி ஓடிப் பிடிக்காது. வெங்காரம் தடவ வேண்டும். ஊதுகிற மூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பொடி ஓடுவதற்குப் பதிலாகக் கண்ணியே உருகித் துளியாக நிற்கும். சித்தி மூச்சை இழுத்துப் பிடித்து ஊதும்போது பக்கத்தில் நாங்கள் பேசக்கூடாது. பொடி பளிச்சென்று ஓடி மூட்டைச் சுற்றி ஒரு கோடாக மின்னும். அந்த ஒரு கணத்தில் அவர் தீயை விலக்கிவிடுவார்.

நான் சொல்ல வந்த நாவல்களில் நல்லவை இப்படித்தான் வேலை செய்கின்றன. கெட்டவை தீயைக் கூட்டிவிடுகின்றன. இதை மனம் நொந்துதான் சொல்கிறேன், நான் நேசிக்கும் இடத்தில் நடப்பதால். இன்றைக்குக் கைபேசியில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதுகிறார்கள், லட்சக்கணக்கானோர் படிக்கிறார்கள். எழுதப் பேனாவும் பதிப்பிக்க ஆளும் தேடி அலைய வேண்டாத இந்தக் காலத்தை நான் வாழ்த்துகிறேன். ஆனால் அந்தக் கதைகளில் ஒரு பகுதி, நாயகியைக் கடத்துகிறவனையும் கன்னத்தில் அறைகிறவனையும் அறைக்குள் பூட்டுகிறவனையும் நாயகனாக வைக்கிறது. அவனுக்குச் சிறு வயதில் ஒரு சோகம் இருந்ததாகக் கடைசியில் ஓர் அத்தியாயம் வரும். உடனே அவள் மன்னித்து அவன் தோளில் சாய்வாள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எதை வன்முறை என்று வரிசைப்படுத்துகிறதோ, அதையே அந்தக் கதைகள் அன்பின் அளவுகோலாகக் காட்டுகின்றன.

அடிபட்டவள் தேறும் கதையில், அடித்தவனையே மருந்தாகக் கொடுப்பது எப்படித் தகும்? அவனுடைய காயம் உண்மையாகவே இருக்கட்டும். அதை ஆற்ற வேண்டிய வேலை அவனுடையது, அவள் கன்னத்துடையது அல்ல. இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். படியுங்கள், ஆசை தீரப் படியுங்கள். அந்த இடம் வரும்போது மட்டும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, இது நம் அக்காவுக்கு நடந்தால் என்ன செய்வோம் என்று ஒரு கணம் யோசியுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் எதற்காக இருக்கிறதோ, அந்தக் காரியம்தான் அந்தப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும்.

ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர், கொடுமைக்கு ஆளானவர்கள் மீள்வதைப் பற்றி 1992-இல் எழுதிய நூலில் மூன்று கட்டங்களைச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு வேண்டும். பிறகு நடந்ததை நினைத்துச் சொல்லி அழ வேண்டும். அதற்கும் பிறகுதான் மனிதர்களோடு மறுபடி சேர்வது. முதல் படியைத் தாண்டிக் குதித்தால் மற்றவை நிற்காது. நல்ல காதல் நாவலாசிரியைகள் இந்த நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர்கள் கதையில் நாயகிக்கு முதலில் ஒரு வேலை கிடைக்கும், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு சின்ன அறை கிடைக்கும். பாதிக் கதையில் ஒரு மழை நாளிலோ, மருத்துவமனை வராந்தாவிலோ அவள் தனக்கு நடந்ததை அவனிடம் சொல்லுவாள். காதல் அதற்கு அப்பால்தான் வரும். அனுபவம் அவர்களுக்கு அந்த வரிசையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. படிக்கும்போது கிடைக்கும் நிறைவுக்கு இந்த வரிசை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தேற்றாங்கொட்டை, கலங்கல் நீர், பொறுமை என்று நம் முன்னோர் வைத்த வரிசையும் அதுதானே.

கடைசியாக ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். சித்தி காலமான பிறகு அந்தத் தகரப்பெட்டியைத் திறந்தேன். நாற்பது நாற்பத்தைந்து மாத நாவல்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பக்க ஓரங்களில் பென்சில் புள்ளிகள். சின்ன வயதில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். "என்ன சித்தி இது?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு கணக்கு கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். பெட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் கணக்கு பிடிபட்டது. நாயகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய இடங்களில் ஒரு புள்ளி. கேட்காமல் உள்ளே நுழையாத இடத்தில் ஒரு புள்ளி. கோபம் வந்தும் குரலை உயர்த்தாத இடத்தில் ஒரு புள்ளி. தவறிய இடங்களில் குறுக்காக ஒரு கோடு. இன்னொரு கடைத் தராசில் வெள்ளியை நிறுத்துப் பார்த்த அதே கை, கதைக்குள்ளும் ஓர் ஆணைப் பக்கம் பக்கமாக நிறுத்துப் பார்த்திருக்கிறது. சில நாவல்களில் முப்பது பக்கத்துக்குள் ஆறு ஏழு கோடு விழுந்து, அதற்கு மேல் பக்கங்கள் சுத்தமாக, ஓரம் வெளுப்பாக இருந்தன. அவற்றை அவர் முடிக்கவே இல்லை.

அடியில் ஒன்று இருந்தது. அட்டை போயிருந்தது, தலைப்புப் பக்கமும் இல்லை. யார் எழுதியது என்று தெரியவில்லை. கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்ட ஒருத்தி, ஒரு தையற்கடையில் வேலை செய்கிறாள். கடைக்கு நூல் போடும் ஒருவன். முதல் நாள் அவள் "வாசலிலேயே நில்லுங்கள்" என்கிறாள். அவன் நிற்கிறான். மறுவாரமும் நிற்கிறான். மழை பெய்கிற அன்றைக்கும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான், நூல்கண்டுகளை மட்டும் நனையாமல் உள்ளே நீட்டுகிறான். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு புள்ளி. நான் எண்ணினேன். 64-ஆம் பக்கம் வரைக்கும் பத்தொன்பது புள்ளிகள், ஒரு கோடுகூட இல்லை.

64-க்குப் பிறகு புள்ளியே கிடையாது. பென்சில் தொலைந்ததோ, பாதியில் விட்டுவிட்டாரோ என்று நினைத்துப் பக்கங்களைப் புரட்டினேன். ஓரங்களெல்லாம் அந்தச் சாம்பல் நிறம், கடைசிப் பக்கம் வரைக்கும்.